தகடு இல்லாத பழைய ஷன்டிங் எஞ்சின்: இது என்ன மாடல், எங்கிருந்து வந்தது?

ஹட்சன்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊர் எல்லையில், மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு காகித ஆலையின் பின்புறச் சைடிங்கில், பழைய டீசல் ஷன்டிங் எஞ்சின் (ரயில் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் சேர்க்கும் எஞ்சின்) ஒன்று நிற்கிறது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் சிலர் அதைச் சுற்றிப் புல் வெட்டி, ஆண்டுக்கொரு முறை பச்சைச் சாயம் பூசி, முன்னால் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். ‘ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு, 1951’ என்று அந்தப் பலகை சொல்கிறது. எந்த ஆதாரத்தைக் கொண்டு அவ்வாறு எழுதினார்கள் என்று கேட்டேன். முன்பு இருந்தவர்கள் சொல்லிக் கேள்வி என்பதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை.

படங்களை இணைத்துள்ளேன். ஓட்டுநர் அறை ஒரு முனையில் இருக்கிறது. மறுமுனை வரை நீளும் மூக்கு, அதாவது எஞ்சினை மூடிய கூடு, அந்த அறையைவிடத் தாழ்வானது. மூக்கின் முன்பக்கம் மூடியிருக்கிறது. முன்முனைக்கு அருகில், இரு பக்கவாட்டிலும் இரும்புப் பட்டைகளாலான ஷட்டர் இருக்கிறது. புகைபோக்கி ஒன்றே ஒன்றுதான். அடியில் இரண்டு போகிகள் (சக்கரச் சட்டங்கள்), நான்கு அச்சுகள். ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில், தயாரிப்பாளரின் தகடு இருந்து கழற்றப்பட்ட இடத்தில் போல்ட் துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன. இது எந்த மாடல், எந்த ஆண்டு, முதலில் யாரிடம் ஓடியது என்பதை உங்கள் உதவியோடு அறிய விரும்புகிறேன்.

தண்டவாளத் தாசன் எழுதியது:

அருமையான படங்கள். பலகையைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் பிரிவான இ.எம்.டி. நிறுவனம் என்.டபிள்யூ-2 என்ற 1000 குதிரைத்திறன் ஷன்டரை 1939 முதல் 1949 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டியது. அதற்கும் இதே போல ஒரு முனையில் ஓட்டுநர் அறை, நீண்ட மூக்கு, இரண்டு போகிகள்தான். ஆண்டு மட்டும் ஒன்றிரண்டு தவறியிருக்கலாம், அல்லது அதற்கு அடுத்து வந்த எஸ்.டபிள்யூ வரிசையாக இருக்கலாம் என்பது என் கருத்து.

ஈரோடு ஷெட் எழுதியது:

தம்பி தாசன், தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து அமெரிக்க ஷன்டர்கள் எல்லாமே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது புகை எங்கே வெளியேறுகிறது, காற்று எங்கே உள்ளே போகிறது என்ற இரண்டைத்தான்.

என்.டபிள்யூ-2வில் இருப்பது 567 வகை, 12 சிலிண்டர், ‘வி’ வடிவ, இரு வீச்சு எஞ்சின். அதற்கு மூக்கின் மேல் இரண்டு புகைபோக்கிகள் இருக்கும். ரேடியேட்டருக்கான காற்று மூக்கின் முன்முகத்தில் உள்ள பெரிய கிராதி வழியாகப் போகும். நம் படத்தில் முன்முகம் மூடியிருக்கிறது, ஷட்டர் பக்கவாட்டில் இருக்கிறது, புகைபோக்கி ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆல்கோ (அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி) எஞ்சின்களோடு பிழைத்தவன். இது ஆல்கோ. அதுவும் நமக்குப் பழக்கமான 251 எஞ்சினுக்கு முந்தைய தலைமுறை என்று தோன்றுகிறது.

பொன்மலைப் பையன் எழுதியது:

ஐயா சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் ஆல்கோ என்று முத்திரை குத்துமுன் மற்ற போட்டியாளர்களையும் தள்ளிவிடுவது நல்லது. அதே காலத்தில் பால்டுவின் வி.ஓ. வரிசையைக் கட்டியது; அதிலும் காற்று முன்முகம் வழியாகவே போகும். ஃபேர்பேங்ஸ்-மோர்ஸ் எதிர்ப் பிஸ்டன் எஞ்சின் வைத்த எச்-10-44ஐக் கட்டியது. அதன் மூக்கு ஓட்டுநர் அறையின் கூரையை எட்டும் உயரம். லைமா 1949 முதல் 1951 வரை சிறிது காலம் மட்டும் டீசல் கட்டியது. பக்கவாட்டு ஷட்டர், வட்டமான முன்முனை, தாழ்ந்த மூக்கு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைவது ஆல்கோவின் எஸ் வரிசையில்தான்.

தாழ்ந்த மூக்குக்கு ஒரு கதை உண்டு. ஆல்கோ 1929இல், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரிலிருந்த மெக்கின்டாஷ் அண்ட் சீமோர் என்ற டீசல் எஞ்சின் நிறுவனத்தை வாங்கியது. அந்த வழிவந்த எஞ்சின்களை 1930களில் ஷன்டர்களில் வைத்தபோது, எஞ்சின் உயரமாக நின்றதால் மூக்கும் உயர்ந்து, ஓட்டுநருக்கு முன்னால் தண்டவாளம் சரியாகத் தெரியவில்லை. அவற்றை ரசிகர்கள் இன்றும் ‘உயர் மூக்கு’ என்றே அழைக்கிறார்கள். 1940 வாக்கில் வந்த 539 எஞ்சின் அடிச்சட்டத்துக்குள் இறங்கி உட்காருமாறு வடிவமைக்கப்பட்டது. அதனால் மூக்கு தாழ்ந்தது, எஸ் வரிசை பிறந்தது.

அந்த வரிசையில் நமக்கு வேண்டியவை நான்கு. எஸ்-1, 660 குதிரைத்திறன். எஸ்-2, 1000 குதிரைத்திறன். இரண்டும் 1940 முதல் 1950 வரை கட்டப்பட்டன. அவற்றின் இடத்தை 660க்கு எஸ்-3யும், 1000க்கு எஸ்-4உம் பிடித்தன. எஸ்-3 வந்தது 1950இல், எஸ்-4 வந்தது 1949இல். எல்லாவற்றிலும் ஒரே ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின்தான். 1000 குதிரைத்திறன் தரும் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ சார்ஜர் கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

உடலின் வெளித்தோற்றத்தில் 660க்கும் 1000க்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் ஷட்டர் காட்டிக்கொடுத்துவிடும். 660இல் அது அகலத்தைவிட உயரம் கூடியதாக இருக்கும். 1000இல் உயரத்தைவிட அகலம் கூடியதாக இருக்கும், ஏனெனில் அதிகத் திறனுக்கு அதிகக் குளிர்ச்சி வேண்டும். டர்போ இருப்பதால் புகைபோக்கியும் பருமனாக இருக்கும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருப்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒரு நாடாவை எடுத்துச் சென்று ஷட்டரின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சொன்னால் பாதிக் கதை முடிந்துவிடும்.

ஹட்சன்கரை எழுதியது:

இன்று காலையில் போய் அளந்தேன். அகலமே கூடுதல், ஐயத்துக்கு இடமில்லை. புகைபோக்கியும் என் இரு கைகளால் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பருமனாக இருக்கிறது. தன்னார்வலர்களில் ஒருவர் நான் நாடாவோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, சாயம் பூச மதிப்பீடு போட வந்தவன் என்று நினைத்துக்கொண்டார். விளக்கிச் சொன்னதும் அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஓட்டுநர் அறையின் சாவியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தண்டவாளத் தாசன் எழுதியது:

என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். இது ஆல்கோதான், 1000 குதிரைத்திறன்தான். ஆனால் இனி இழுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எஸ்-2வுக்கும் எஸ்-4க்கும் உள்ள முக்கிய வேறுபாடு போகி. எஸ்-2வில் ஆல்கோவின் சொந்த வடிவமைப்பான பிளன்ட் போகி இருக்கும். எஸ்-4இல் அமெரிக்க ரயில்வே சங்கத்தின் ஏ.ஏ.ஆர். ‘ஏ’ வகைப் போகி இருக்கும். நான்காவது படத்தில் இரு சக்கரங்களுக்கு இடையே தாழ்ந்து செல்லும் சமன்பட்டையும், அதன் மேல் நிற்கும் சுருள்வில்களும் தெளிவாகத் தெரிகின்றன. இது ‘ஏ’ வகை. ஆகவே எஸ்-4. பலகையில் உள்ள 1951ஆம் ஆண்டும் எஸ்-4க்குப் பொருந்துகிறது. நிறுவனத்தின் பெயரை மட்டும் அவர்கள் தவறாக எழுதிவிட்டார்கள்.

ராயபுரம் வாசகி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சகோதரர் தாசன் வழக்கை முடித்துவிட்டதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

போகி என்பது எஞ்சினோடு பிறந்து எஞ்சினோடு சாகும் உறுப்பு அன்று. (நம் ஊரில் ரயில் பெட்டியையே ‘போகி’ என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே போகி என்பது அச்சுகளையும் மோட்டார்களையும் தாங்கும் சக்கரச் சட்டம் மட்டுமே.) பிளன்ட் போகி, ஜேம்ஸ் பிளன்ட் என்ற ஆல்கோ பொறியாளரின் பெயரால் வழங்குவது. மேடு பள்ளமான தொழிற்சாலைத் தண்டவாளங்களில் வளைந்து கொடுத்து ஓடும் என்பது அதன் பெருமை. அதன் சிக்கல், ஆல்கோவைத் தவிர வேறு யாரிடமும் அது கிடையாது என்பது. ‘ஏ’ வகைப் போகியோ இ.எம்.டி., பால்டுவின் என்று பலரும் பொருத்தியது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். ஆகவே தேய்ந்துபோன பிளன்ட் போகிகளைக் கழற்றிவிட்டு, உடைப்புக்குப் போன வேறொரு ஷன்டரின் ‘ஏ’ வகைப் போகிகளைப் பொருத்துவது ஒரு சிறு ரயில்வேக்கோ ஆலைக்கோ முற்றிலும் இயல்பான செயல். ‘ஏ’ வகைப் போகி இருப்பதால் இது எஸ்-4 ஆக இருக்கலாம். எஸ்-4ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பலகையில் உள்ள ஆண்டைச் சான்றாகக் கொள்வதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நிறுவனத்தின் பெயரையே தவறாக எழுதிய பலகை, ஆண்டை மட்டும் சரியாக எழுதியிருக்கும் என்று நம்ப என்ன காரணம்?

நண்பர் ஹட்சன்கரை அடுத்த முறை போகும்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். போகியின் வார்ப்பில் மாதமும் ஆண்டும் புடைப்பாக இருக்கிறதா? ஓட்டுநர் அறைக்குள் மின்பெட்டிக் கதவில் ஏதாவது தகடு இருக்கிறதா? அடிச்சட்டத்தில் எங்காவது எண் அடிக்கப்பட்டிருக்கிறதா?

ஈரோடு ஷெட் எழுதியது:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஷெட்டில் வேலை செய்தவனுக்கு இது தினசரி அனுபவம். ஒரு எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்தால், அதிலிருந்து கழற்றிய டிராக்‌ஷன் மோட்டார் (அச்சைச் சுழற்றும் மின்மோட்டார்) அதற்கே திரும்பிப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டோம். பழுதுபார்த்துத் தயாராக இருக்கும் மோட்டார் எதுவோ அது ஏறும்; இதிலிருந்து இறங்கியது பழுது நீங்கியதும் இன்னொன்றில் ஏறும். டர்போ, கம்ப்ரெஸர், சிலிண்டர் ஹெட், ஏன், சில சமயம் முழு எஞ்சின் பிளாக்கே அப்படித்தான். இருபது ஆண்டு ஓடிய ஒரு லோகோவில் அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த பாகம் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் தலை சுற்றிவிடும்.

ஆகவே ஹட்சன்கரைத் தம்பி ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கில் ஓர் எண் இருக்கும். அது பிளாக்கின் எண். ஜெனரேட்டரில் ஓர் எண் இருக்கும். அது ஜெனரேட்டரின் எண். ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) தயாரித்த மோட்டார்களில் ஆளுக்கொரு எண் இருக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் இவற்றை லோகோவின் எண் என்று எண்ணி மயங்காதீர்கள். மாறாமல் நிற்பது அடிச்சட்டம் ஒன்றுதான். அதை வெட்டினால் லோகோவே இல்லை. இணைப்பான் பொருத்தும் முனைத் தகடு, படிக்கட்டை ஒட்டிய பக்கத் தகடு ஆகிய இடங்களில் துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். உளியால் அடித்த எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கிரைண்டர் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கதவைத் திறந்து எஞ்சினைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எனக்காக ஒரு படம் எடுங்கள். நாங்கள் புழங்கிய 251இல் சிலிண்டர் விட்டம் 9 அங்குலம், வீச்சு 10½ அங்குலம். 539இல் விட்டம் 12½, வீச்சு 13. வாரணாசியின் டீசல் எஞ்சின் தொழிற்சாலை ஆல்கோவின் உரிமத்தோடு 1964இல் முதல் லோகோவை வெளியிட்ட காலத்தில், இந்த 539 அமெரிக்காவில் பழைய சரக்காகிவிட்டது. நம் டபிள்யூ.டி.எஸ்-6 ஷன்டரிலும் மீட்டர்கேஜ் எஞ்சினான ஒய்.டி.எம்-4இலும் உள்ள ஆறு சிலிண்டர் நேர்வரிசை 251, 1300 குதிரைத்திறனுக்கு மேல் தரும். அதைவிடப் பெரிய சிலிண்டர்களை வைத்துக்கொண்டு 539 தந்தது 1000தான், அதுவும் டர்போவோடு. நிமிடத்துக்கு 740 சுற்றுதான் அதன் உச்சம். அவசரமே இல்லாத பிறவி. அதனால்தான் இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது.

ஹட்சன்கரை எழுதியது:

ஒரு வாரம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும், மழை விடவில்லை.

சாவி கிடைத்தது. போகியின் பக்கச் சட்டங்கள் இரண்டில் வார்ப்பு எழுத்துகள் படிக்கும் நிலையில் உள்ளன. இரண்டிலும் 1952 என்று இருக்கிறது. ஓட்டுநர் அறைக்குள், மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறிய தகடு சாயத்தில் மூழ்கிக் கிடந்தது. அதில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆகிய இரண்டு பெயர்களும் சேர்ந்து உள்ளன; மாடல் பெயரோ ஆண்டோ இல்லை. பலகையில் வந்த ‘ஜெனரல்’ ஒருவேளை இந்த ‘ஜெனரல்’தானோ என்று தன்னார்வலர் சிரித்தார்.

அடிச்சட்டத்தில், முன்பக்கப் படிக்கட்டை ஒட்டி, ஐயா சொன்னபடி தேய்த்ததில் ஐந்து இலக்க எண் ஒன்று வெளிப்பட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் 7, 5. மூன்றாவது 3 அல்லது 8. மீதி இரண்டும் துருவில் போய்விட்டன. எஞ்சின் படத்தையும் இணைத்திருக்கிறேன். ஐயா, கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு பறவைக் கூடு இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ராயபுரம் வாசகி எழுதியது:

இந்த மூன்று தகவல்களும் சேர்ந்து நிறையப் பேசுகின்றன.

முதலில் பலகையை விசாரிப்போம். 1951இல் கட்டிய எஞ்சின் 1952இல் வார்த்த போகிகளோடு தொழிற்சாலையை விட்டு வெளியேற முடியாது. ஆண்டும் தவறு, அல்லது போகி பின்னால் வந்தது; இரண்டில் ஒன்றை ஏற்றே ஆக வேண்டும். ஒரு வேளை 1952க்குப் பிறகு கட்டிய எஸ்-4தான் என்று யாராவது சொல்லலாம். அதற்குத் தகடு முழுத் தடையாக இல்லை. ஆல்கோவும் ஜி.இ.யும் 1940 முதல் 1953 வரை கூட்டாக விற்பனை செய்தன. இரண்டு பெயரும் உள்ள தகடு அந்தக் காலத்துக்கு உரியது. ஆக, தகட்டை மட்டும் கொண்டு பார்த்தால் 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அடிச்சட்ட எண்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஆல்கோ தன் 75,000ஆவது எஞ்சின் என்று அறிவித்துக் காட்சிக்கு வைத்தது பி.ஏ. வகைப் பயணிகள் எஞ்சினை. அது 1946இல், நியூயார்க் நகரின் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலுக்கு அடியில் உள்ள தடத்தில் நடந்தது. 75 ஆயிரத்துச் சொச்சம் என்ற நம் எண் அதை ஒட்டிய காலத்தைச் சுட்டுகிறது. எஸ்-4 பிறந்ததோ 1949இல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆல்கோ எண்களை ஒவ்வோர் எஞ்சினும் முடிந்த வரிசையில் கொடுக்கவில்லை. ஆர்டர் வந்ததும் அதற்கென ஒரு தொகுதி எண்களை ஒதுக்கிவிடும். ஒதுக்கிய தொகுதி கட்டி முடியத் தாமதமாகலாம். ஆகவே எண்ணை மட்டும் வைத்து மாதத்தைச் சொல்ல முயல்வது சோதிடம் ஆகிவிடும். ஆயினும் 1940களின் இறுதிக்கு முந்தைய ஒரு தொகுதி 1952 வரை காத்துக்கிடந்தது என்று சொல்வது அதைவிடப் பெரிய கற்பனை. என் முடிவு: இது எஸ்-2, பின்னாளில் ‘ஏ’ வகைப் போகிகள் ஏற்றப்பட்டது.

தண்டவாளத் தாசன் எழுதியது:

சகோதரியின் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். இந்த இழையில் இது எனக்கு இரண்டாவது தோல்வி. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் உரிமையாளர் டெலவேர் அண்ட் ஹட்சன் ரயில்வே என்று நான் ஊகிக்கிறேன். ஆல்கோவின் தலைமைத் தொழிற்சாலை இருந்த ஸ்கெனெக்டடி நகரம் அந்த ரயில்வேயின் தடத்தில்தான் இருக்கிறது. நீராவியை விட்டு டீசலுக்கு மாறியபோது அவர்கள் வாங்கியது முழுக்க முழுக்க ஆல்கோதான். எஸ்-2வும் வாங்கினார்கள், எஸ்-4உம் வாங்கினார்கள். நண்பர் வசிப்பதும் அதே பகுதி. பச்சைக்கு அடியில் கறுப்புச் சாயம் தெரிகிறது; அவர்களுடைய ஷன்டர்களும் கறுப்புதான். இரண்டு வகையும் வைத்திருந்த ரயில்வே என்பதால் போகி மாற்றம் அவர்களுடைய பணிமனையிலேயே நடந்திருக்க வாய்ப்புண்டு.

பொன்மலைப் பையன் எழுதியது:

தாசன் அண்ணா, ஊகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எஞ்சின் இப்போது நிற்கும் இடத்தை வைத்துக் கட்டிய ஊகம். பழைய ஷன்டர்களை வாங்கி விற்கும் தரகர்கள் அவற்றை நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பக்கத்தில் பிறந்தது பக்கத்திலேயே வந்து நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். கறுப்புச் சாயமும் அப்படித்தான். ஷன்டருக்குக் கறுப்பு அடிக்காத அமெரிக்க ரயில்வேயை எண்ணிவிடலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. டெலவேர் அண்ட் ஹட்சனின் இந்த வகை ஷன்டர்கள் மூவாயிரத்து முப்பது, நாற்பது என்று நான்கு இலக்க எண் தாங்கியவை. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் பழைய எண்ணின் தழும்பு இருக்கும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைத் தகட்டை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பூசப்பட்ட எழுத்தின் விளிம்பு, மேலே எத்தனை பூச்சு ஏறியிருந்தாலும் மெல்லிய நிழல் காட்டும். தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. சாயத்தைச் சுரண்ட வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் ஓர் ஏடு, சுரண்டினால் எல்லா ஏடும் சேர்ந்து போய்விடும்.

ஹட்சன்கரை எழுதியது:

டார்ச் விளக்குச் சோதனையை நேற்று இரவு மூன்று பேராகச் செய்தோம். இடதுபக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தகடே மாற்றப்பட்டது போல் தெரிகிறது. வலதுபக்கத்தில் சன்னலுக்குக் கீழே இரண்டு தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளது ஒற்றை இலக்கம்: 2. அது ஆலை வைத்த எண் என்று தன்னார்வலருக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடியில், சற்றுப் பெரிய எழுத்தில், இரண்டு இலக்கங்கள்: 1, 7. நான்கு இலக்கத்துக்கான இடைவெளியும் இல்லை, தடயமும் இல்லை. தாசன் அண்ணா மன்னிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான செய்தி வேறு. நாங்கள் இப்படி இரவில் அலைவதைக் கேள்விப்பட்டு, ஆலையின் யார்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகள், தன் தந்தை பத்திரப்படுத்தி வைத்திருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் எஞ்சினுக்கான பராமரிப்பு அட்டை இருக்கிறது. ஆல்கோ எஸ்-2 என்றும், கட்டிய ஆண்டு 1947 என்றும் தட்டச்சில் உள்ளது. கூடவே உள்ள ஐந்து இலக்க எண் 753இல் தொடங்குகிறது. ஆக, நான் 3 அல்லது 8 என்று குழம்பிய இலக்கம் 3. முன்னைய உரிமையாளர் என்ற கட்டத்தில் ஓர் எஃகு ஆலையின் உள்ளகப் போக்குவரத்துப் பிரிவும், அதன் வண்டி எண் 17 என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. காகித ஆலை அதை ஒரு தரகரிடமிருந்து 1964இல் வாங்கியிருக்கிறது.

ராயபுரம் வாசகி எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி. 17 என்ற தழும்பும் அட்டையும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே செய்தியைச் சொல்வதுதான் இதில் அழகு. அட்டை மட்டும் கிடைத்திருந்தால், வேறு எஞ்சினின் அட்டையோ என்ற ஐயம் எனக்கு இருந்திருக்கும்.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. போகிகளை மாற்றியது எஃகு ஆலையா, தரகரா, காகித ஆலையா? அட்டையில் ஏதாவது குறிப்பு உண்டா?

ஈரோடு ஷெட் எழுதியது:

எஃகு ஆலையில் மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். கசடும் இரும்புத் துண்டும் சிதறிக் கிடக்கும் அந்தத் தண்டவாளத்தில் பிளன்ட் போகிதான் பிழைக்கும். அதைக் கழற்ற ஒரு ஃபோர்மேனுக்கு மனம் வராது. அந்த உழைப்பிலேயே அது தேய்ந்து, விற்கும் நேரத்தில் ஒன்றுக்கும் ஆகாமல் போயிருக்கும்.

எஞ்சின் படம் பார்த்தேன். கிராங்க் கேஸ் கதவுகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன, டர்போவும் கழற்றப்படவில்லை. இத்தனை ஆண்டு வெயிலிலும் பனியிலும் நின்ற எஞ்சினுக்கு இது பெரிய பாக்கியம். புகைபோக்கிக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடி இல்லையென்றால் மழைநீர் டர்போ வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிப் பிஸ்டன் உறைந்துபோயிருக்கும்.

ஹட்சன்கரை எழுதியது:

ஐயா, புகைபோக்கியின் மேல் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எப்போது வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

போகி பற்றி: அட்டையின் பின்புறத்தில், பென்சிலால், ‘பழைய போகி இரண்டு இறக்கி, வாங்கிய போகி இரண்டு ஏற்றப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் தேதி, 1971 அக்டோபர். ஐயா கணித்தபடி எஃகு ஆலை மாற்றவில்லை, தரகரும் மாற்றவில்லை, தேய்ந்த பிளன்ட் போகிகளோடு காகித ஆலை ஏழு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறது.

பலகையை மாற்றுவதற்குத் தன்னார்வலர்கள் சம்மதித்துவிட்டார்கள். புதிய வாசகம் இது: ‘ஆல்கோ எஸ்-2, 1000 குதிரைத்திறன். ஸ்கெனெக்டடியில் 1947இல் கட்டப்பட்டது. இதன் போகிகள் 1952இல் வார்க்கப்பட்டு, 1971இல் இந்த ஆலையில் பொருத்தப்பட்டவை.’ கடைசி வாக்கியம் பார்வையாளர்களுக்குத் தேவையா என்று ஒருவர் கேட்டார். அதை எடுத்துவிட்டால் அடுத்து வருபவர் போகியைப் பார்த்துவிட்டு எஸ்-4 என்று திருத்திவிடுவார் என்றேன். அதை விட்டுவைத்தார்கள்.

தண்டவாளத் தாசன் எழுதியது:

அந்த ‘அடுத்து வருபவர்’ யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வாசகத்தை வழிமொழிகிறேன். வாளியை எடுக்குமுன் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.